புதன்கிழமைக் கிற்றார்

2025 ஒக்டோபர் 5, ஞாயிறு

முதலில் மன்னிப்பு. இது என் கொப்பி இல்லை. முன்பக்கம் திறந்தால் அம்மாவின் கையெழுத்து. ஏழு பக்கங்கள், மூன்று புதன்கிழமைப் பாடங்கள். "என் பெயர் கோசலை. நான் தையற்காரி. எனக்கு ஒரு மகள்" என்று பிரெஞ்சில் எழுதி, ஒவ்வொரு வரிக்குக் கீழும் உச்சரிப்பைத் தமிழில் எழுதியிருக்கிறார். இனித் தேவையில்லை, அளவு எழுத உதவும் என்று வெட்டுத்துணிப் பெட்டிக்குள் போட்டுவிட்டார். நான் எடுத்துக்கொண்டேன். பின்னாலிருந்துதான் எழுதுகிறேன். அவருடைய பக்கங்களைத் தொடமாட்டேன்.

இதை எழுதத்தான் வேண்டுமா என்றும் தெரியவில்லை. ஆனால் வாயால் சொல்ல முடியாதது எங்கேயாவது இருக்கவேண்டும்.

எங்களுக்கு ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு தையல்கடை. அப்பா புதன்கிழமைகளில் வானை எடுத்துக்கொண்டு ஒபர்வில்லியே மொத்த விற்பனைக் கடைகளுக்குப் போய், பொபினிக் கடைகளுக்கும் சாமான் இறக்கிவிட்டு, ஒன்பது மணிக்குத்தான் திரும்புவார். அந்தப் பின்னேரம் யாராவது ஒருவர் கடையில் நிற்கவேண்டும். செப்டம்பரில் நான் நின்றேன். அம்மா மாதா கோவில் மண்டபத்தில் ஒரு சங்கம் நடத்தும் பிரெஞ்சு வகுப்புக்குப் போனார். இந்த நாட்டுக்கு வந்து இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை.

கடந்த புதனிலிருந்து எனக்கு அலுவலகத்தில் பொர்மாசியோன், பின்னேர வகுப்பு, என்று சொன்னேன். அம்மா ஒரு கேள்வி கேட்கவில்லை. "படிப்பெண்டால் போ பிள்ளை. எனக்கென்ன, நான் பேந்து படிக்கலாம்."

எங்கள் வீட்டில் படிக்கப் போகிறேன் என்று சொன்னால் எந்தக் கதவும் திறக்கும். அது தெரிந்துதான் சொன்னேன்.

நான் போவது ஐரிஷ் பப்புக்கு. கிற்றார் வாசிக்க.

ஒக்டோபர் 8, புதன்

இன்று அவமானம்.

அலுவலகத்தில் என் பக்கத்து மேசை ஆரெலி. நான் வாசிப்பது அவளுடைய தம்பி விட்டுப்போன கிற்றார். ஜூன் மாதத்திலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் பழைய கோப்புகள் வைக்கும் அறையில் எனக்குச் சொல்லித்தருகிறாள். ஆறு தந்திகளில் மூன்றை இறக்கி, ரே லா ரே ஸோல் லா ரே என்று சுருதி கூட்டவேண்டும். அப்படிக் கூட்டினால் ஒன்றும் அழுத்தாமல் வெறும் கையால் தட்டினாலே ஏதோ கேள்வி கேட்பதுபோல ஒலிக்கிறது. அந்த ஒலியில்தான் விழுந்தேன் என்று நினைக்கிறேன்.

பப்பில் எட்டுப்பத்துப் பேர் ஒரு மேசையைச் சுற்றி இருப்பார்கள். மேடை கிடையாது. யாரும் தாளைப் பார்ப்பதில்லை. கேட்டுக் கேட்டுத்தான் பிடிக்கவேண்டும். கிற்றார்க்காரர் முன்னால் ஓடக்கூடாது. பாடுபவர் எங்கே மூச்செடுப்பார் என்று பார்த்துப் பின்னால் போகவேண்டும். எனக்கு ஏற்ற வேலை. பின்னால் நிற்பது எனக்கு நன்றாக வரும்.

இன்று அயர்லாந்தின் டோனிகல் பக்கத்திலிருந்து வந்த சமையற்காரர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பாடத் தொடங்கினார். கடலில் போன மகனைப் பற்றி. எனக்குச் சுருதி பிடிபட்டுவிட்ட சந்தோசத்தில் மெல்லத் தட்டினேன். பிடில் வாசிக்கும் லூடோவிக் எட்டி என் தந்திகள் மேல் உள்ளங்கையை வைத்தான். அவ்வளவுதான். முழு மேசையும் அசையாமல் இருந்தது. இப்படியான பாட்டுக்கு எவரும் வாசிப்பதில்லையாம். பாடுபவர் தனியே போகவேண்டிய பாட்டாம்.

பாட்டு முடிந்ததும் லூடோவிக் சிரித்தான். "கவலைப்படாதே. நான் முதல் வருடம் முழுக்க இதைத்தான் செய்தேன். என்னைக் கழிவறைக்கு அனுப்பிவிட்டுத்தான் பாடுவார்கள்."

வீட்டுக்கு வந்தேன். அம்மா அப்போதுதான் கடை பூட்டி வந்திருந்தார், கழுத்தில் அளவு நாடாவைக் கழற்றாமல். "வகுப்பு எப்பிடி?" என்றார். "கஷ்டம்" என்றேன். அது பொய்யில்லை.

ஒக்டோபர் 14, செவ்வாய்

அம்மா என் இடது கையைப் பிடித்துவிட்டார். தையற்காரியின் கண்ணுக்கு விரல்நுனி தப்பாது.

"இதென்ன, காய்ச்சுப் போய்க் கிடக்கு?"

"கொம்பியூட்டர் அம்மா."

"கொம்பியூட்டர் ஒரு கையைத்தான் தின்னுமோ? அதோடை இடக்கையிலை மட்டும் நகம் வெட்டியிருக்கிறாய். வலக்கை வெட்ட மறந்திட்டியோ, இல்லாட்டி வாற மாதமோ?"

அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா தேங்காய் எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்து நாலு விரலுக்கும் தடவினார். "அவ்வளவு வேலை வாங்கிறாங்கள் என்ரை பிள்ளையிட்டை."

தோல் மென்மையானால் தந்தி வெட்டும். எண்ணெயைக் கழுவவும் மனம் வரவில்லை. அப்படியே இருந்தேன்.

ஒக்டோபர் 16, வியாழன்

அம்மா தொலைபேசியில் யாரிடமோ: "மகளுக்குப் புதன்கிழமை வகுப்பு. கொம்பனிதான் அனுப்புது. கெட்டிக்காரரைத்தான் அனுப்புவினமாம்."

நான் அப்படிச் சொல்லவேயில்லை. கெட்டிக்காரர் என்று நான் சொல்லவேயில்லை.

ஒக்டோபர் 23, வியாழன்

கடிதம் வந்தது.

வீட்டுக்கு வரும் பிரெஞ்சுக் கடிதங்களை எனக்கு எட்டு வயதிலிருந்து நான்தான் வாசிக்கிறேன். வாடகை, வரி, மின்சாரம். பதினாலு வயதில் அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போய், கர்ப்பப்பையை எடுக்கவேண்டும் என்று வைத்தியர் சொன்னதைத் தமிழில் சொன்னதும் நான்தான். அந்தச் சொல் எனக்குத் தமிழில் தெரியவில்லை. வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். அம்மா அன்று என்னைப் பார்க்கவில்லை, சுவரைத்தான் பார்த்தார். பிரெஞ்சு வகுப்பில் பெயர் பதிந்த அன்று அவர் சொன்னது ஒன்றுதான்: "டொக்டரிட்டை ஒருக்காலாவது தனியப் போய்க் கதைக்க வேணும்."

இன்றைய கடிதம் அந்தச் சங்கத்திலிருந்து. திருமதி தவரத்தினம் கோசலை மூன்று வகுப்புகளுக்கு வரவில்லை. தொடர்ந்து வர விருப்பமென்றால் நவம்பர் 12, புதன், மாலை ஆறு மணிக்கு முன் தொலைபேசியிலாவது சொல்லவேண்டும். பதில் வராவிட்டால் அந்த இடம் காத்திருப்போர் பட்டியலில் உள்ள ஒருவருக்குப் போகும்.

அம்மா தையல் மெசினிலிருந்து தலை நிமிர்த்தாமல் கேட்டார். "என்ன கடிதம்?"

"ஒண்டுமில்லை. விளம்பரம்."

எவ்வளவு சுலபமாக வந்தது! யோசிக்கவேயில்லை. உண்மையை வாசித்தால் "உன்ரை வகுப்பை வேறை நாளுக்கு மாத்தேலாதோ" என்று கேட்பார். அதற்கு என்ன சொல்வது? பப்பில் பாட்டு புதன்கிழமை மட்டும்தான். அவருக்கும் புதன்தான், எனக்கும் புதன்தான்.

கடிதத்தைக் கோட்டுப் பையில் வைத்தேன். நாளைக்குத் தொலைபேசி எடுத்து ஏதாவது ஒழுங்கு செய்வேன். இன்னும் இருபது நாள் இருக்கிறது.

நவம்பர் 2, ஞாயிறு

இன்னும் எடுக்கவில்லை. இரண்டு தடவை இலக்கத்தை அழுத்தி, மணி அடிக்கமுதல் வைத்துவிட்டேன். என்ன சொல்வேன் என்று தெரியாமல்தான். அம்மா வருவார் என்று சொன்னால் கடையில் நான் நிற்கவேண்டும். வரமாட்டார் என்று சொல்ல வாய் வராது.

காப்புறுதி நிறுவனத்தில் என் வேலை என்ன? நாள் முழுக்க மற்றவர்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது.

ஒரு பாட்டுப் பழகுகிறேன். கிணற்றுக்குத் தண்ணீர் அள்ளப் போகிறேன் என்று தாயிடம் சொல்லிவிட்டு வேறெங்கோ போகும் பெண்ணைப் பற்றியது. வாளி காலியாகவே திரும்பி வருகிறது. தாய்மாருக்குப் பொய் சொல்லும் பெண்கள் இந்தப் பாட்டுகளில் நிறையப் பேர். ஆரெலி சொல்கிறாள், தாய்மாருக்கு எல்லாம் தெரியும், பாட்டு நீளவேண்டும் என்பதற்காகத்தான் பேசாமல் இருக்கிறார்களாம்.

நவம்பர் 6, வியாழன்

கோட்டின் வலப்பக்கப் பை கிழிந்திருக்கிறது. "கழற்றித் தாவன், தைச்சுத் தாறன்" என்று அம்மா நாலைந்து நாளாகக் கேட்கிறார். குளிர் என்று சொல்லிப் போட்டுக்கொண்டே போகிறேன்.

நவம்பர் 12, புதன்

பாடினேன். நான் பாடினேன்!

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பாடி முடித்தவருக்குத்தான் அடுத்து யார் பாடுவது என்று அழைக்கும் உரிமை. அழைத்தால் மறுப்பது மரியாதையில்லை. இவ்வளவு நாளும் யாராவது முடிக்கும் நேரம் பார்த்து நான் குனிந்து சுருதி சரிபார்ப்பேன், இல்லாவிட்டால் சப்பாத்து நூல் கட்டுவேன். இன்று டோனிகல்காரர் முடித்துவிட்டு நேரே என்னைப் பார்த்தார். "சப்பாத்து நூல் கட்டுகிற பிள்ளை பாடட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். தப்ப வழியில்லை. கிணற்றுப் பாட்டைத் தொடங்கினேன். முதல் இரண்டு வரியும் குரல் நடுங்கிப் பிசிறியது. மூன்றாவது வரியில் லூடோவிக்கின் பிடில் எனக்குப் பின்னால் மெல்ல வந்தது. நான் மூச்செடுக்கும் இடத்தில் அது காத்து நின்றது. எனக்காக ஒருவர் காத்து நிற்பது இப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. கடைசி அடியை மேசை முழுக்கச் சேர்ந்து பாடியது.

ஒன்பது வயதில் அழுது அடம்பிடித்துச் சங்கீத வகுப்பை விட்டவள் நான். அந்த வகுப்புக்கு அனுப்ப அம்மா இரவல் மெசினில் கூடுதலாகத் தைத்தார். அவருக்கு இந்தக் குரலைக் கேட்கக் கிடைக்கவில்லை.

முடிந்ததும் அடுத்தவரை நான் அழைக்கவேண்டுமாம். பதற்றத்தில் கைகாட்டினேன். பார்த்தால் பியர் ஊற்றும் ஆள். அவர் கிளாசை வைத்துவிட்டு உண்மையாகவே பாடினார், மிக மோசமாக.

வீடு வரும்வரை அந்தக் கடைசி அடியை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

நவம்பர் 13, வியாழன்

நேற்று ஆறு மணி.

நேற்று ஆறு மணிக்கு நான் சுருதி கூட்டிக்கொண்டிருந்தேன். ஞாபகமே வரவில்லை. ஞாபகம் வரவில்லையா, வரவிடவில்லையா? என்ன பிள்ளை நான்!

காலை ஒன்பதுக்கே தொலைபேசி எடுத்தேன். ஸ்டெஃபானி என்ற பெண் பேசினாள், நல்ல மாதிரி. இடம் நேற்றே கொடுத்தாயிற்றாம். "உங்கள் அம்மாவுக்குக் கடிதம் கிடைக்கவில்லையா?" என்று கேட்டாள்.

கிடைத்தது என்று சொல்லவில்லை. கிடைக்கவில்லை என்றும் சொல்லவில்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

கடிதத்தைக் கிழித்துப் போடலாம் என்று கோட்டுப் பைக்குள் கைவிட்டால் காணவில்லை. ஓட்டையால் கோட்டின் உள்துணிக்குள் இறங்கிவிட்டது. தடவினால் சரசரக்கிறது, விரல் எட்டவில்லை.

நவம்பர் 19, புதன்

வான் பழுதாம். அப்பா ஒபர்வில்லியேக்குப் போகவில்லை, கடையில் நின்றார். அம்மா வகுப்புக்குப் போகலாம். அவருக்குப் பெருநாள் போல. காலை நான் வெளிக்கிடும்போதே தேடத் தொடங்கிவிட்டார்.

"என்ரை பிரெஞ்சுக் கொப்பியைக் கண்டனியோ? வெட்டுத்துணிப் பெட்டிக்குள்ளைதான் போட்டனான்."

"காணேல்லை அம்மா."

அந்த நேரம் கொப்பி என் கைப்பையில். வகுப்புக்குப் போகவேண்டாம் என்று ஏதாவது சொல்லித் தடுத்திருக்கலாம். தடுக்கவும் துணிவில்லை. உண்மை சொல்லவும் துணிவில்லை. பப்புக்குப் போய் ஒரு மூலையில் இருந்து, கிற்றாரைப் பெட்டியிலிருந்து எடுக்காமலே திரும்பினேன்.

அம்மா குசினிக் கதிரையில் இருந்தார். சேலையும் மாற்றவில்லை. அளவு எழுதும் துண்டுக் கட்டு மடியில்.

"என்ரை பேர் இல்லையாம்."

அப்பா சொன்னார், "விடப்பா. அடுத்த வருசம் பாப்பம்."

"கடிதம் போட்டதாம். எங்களுக்கு ஒரு கடிதமும் வரேல்லை எண்டு சொன்னனான். என்ரை மகள் படிச்சவள், எல்லாக் கடிதமும் அவள்தான் வாசிக்கிறவள், வந்திருந்தால் சொல்லியிருப்பாள் எண்டு சொன்னனான்." பிறகு என்னைப் பார்த்தார். "பிரெஞ்சிலைதான் சொன்னனான் பிள்ளை. பிழை பிழையாய்த்தான். அங்கை இருந்த பிள்ளைக்கு விளங்கினது."

மூன்று வகுப்பில் படித்த பிரெஞ்சு முழுவதையும் எனக்காகச் செலவழித்துவிட்டு வந்திருக்கிறார்.

நான் தலைவலி என்று படுத்துக்கொண்டேன்.

நவம்பர் 24, திங்கள்

நாளைக்குச் சொல்வேன்.

நவம்பர் 26, புதன்

சொல்லவில்லை. பப்புக்கும் போகவில்லை. ஒரு கோப்பிக் கோப்பையை வைத்துக்கொண்டு கார் து நோர் ரயில் நிலையத்துக்கு எதிரில் ஒன்பது மணிவரை இருந்தேன். அம்மாவுக்கு நான் வகுப்பில்.

நவம்பர் 30, ஞாயிறு

காலை எழும்ப, கோட்டு மெசின் மேசையில் மடித்து இருந்தது. பை தைத்தாயிற்று. தையல் போட்ட இடமே தெரியவில்லை. அதன்மேல் அந்தக் கடிதம், இஸ்திரி போட்டதுபோல நீவி விரித்து.

வரிகளுக்கு மேலே பென்சிலால் தமிழ். மூன்று தரம். வரவில்லை. இடம். நவம்பர். ஆறு மணி. ஒரு வரிக்கு மட்டும் மேலே ஒன்றும் எழுதாமல் கீழே கோடு.

அம்மா தேத்தண்ணியோடு வந்து எதிரில் இருந்தார். கடிதத்தில் கோடு போட்ட வரியின்மேல் விரலை வைத்தார். "இது மட்டும் பிடிபடேல்லை. வாசிச்சுச் சொல்லு."

"அம்மா—"

"வாசி பிள்ளை. நீதானே வாசிக்கிறனி."

வாசித்தேன். "பதில் வராவிட்டால், இடம் வேறொருவருக்குக் கொடுக்கப்படும்."

"ஓம். நானும் அப்பிடித்தான் நினைச்சனான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அழுதழுது, பிரெஞ்சும் தமிழும் கலந்து. பொர்மாசியோன் இல்லை, பப், கிற்றார், ஆரெலி, கிணற்றுப் பாட்டு.

"தவறணையிலையோ?"

"ஓம்."

"குடிக்கிறனியோ?"

"இல்லையம்மா. எலுமிச்சம்பழத் தண்ணிதான்."

"தவறணைக்குப் போய் எலுமிச்சம்பழத் தண்ணி." அவர் சிரிக்கவில்லை. "அதுதான் விரலோ?"

"ஓம்."

"நான் எண்ணெய் பூசினனான்."

கடிதத்தை அதன் பழைய மடிப்பிலேயே மடித்தார். பிறகு மெதுவாகத்தான் கேட்டார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீ பாட்டுக்குப் போனது எனக்குப் பெரிசில்லை. கேட்டிருந்தால் ஒரு கிழமை நீ, ஒரு கிழமை நான் எண்டு போயிருக்கலாம். விளம்பரம் எண்டு சொன்னாய். இந்த நாட்டிலை உனக்கு எட்டு வயசிலையிருந்து உன்ரை வாயாலைதான் நான் எல்லாம் வாசிச்சனான். இனி எந்தக் கடிதத்தை நான் நம்புறது?"

கடிதத்தைத் தன்னோடு எடுத்துக்கொண்டு அம்மா எழும்பினார்.

டிசம்பர் 3, புதன்

மதியம் சங்கத்துக்கு நேரில் போனேன். ஸ்டெஃபானியிடம் கடிதம் வந்தது, நான்தான் மறைத்தேன் என்று சொன்னேன். அவள் பட்டியலைத் திருப்பினாள். காத்திருப்பில் அம்மா ஒன்பதாவது.

பின்னேரம் கடையில் நின்றேன். அம்மாவும் நின்றார். வகுப்பில் இடமில்லையே.

டிசம்பர் 9, செவ்வாய்

இப்போது கடிதம் வந்தால் அம்மா முதலில் தானே வைத்துக்கொள்கிறார். மெசின் விளக்குக்குக் கீழே பென்சிலோடு. ஒரு மின்சாரக் கடிதத்துக்கு இரண்டு நாள். பிறகுதான் என்னிடம் தருவார், சரியா என்று பார்க்க. என்னைச் சரிபார்க்கவும்தான் என்று நினைக்கிறேன். நல்லது.

டிசம்பர் 10, புதன்

பக்கத்து நகைக்கடைக் குணரத்தினம் அண்ணை எட்டிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, புதன்கிழமையிலை கடையிலை நிக்கிறீர்? பொர்மாசியோன் முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது அண்ணை" என்றேன்.

மெசினிலிருந்து அம்மா, தலை நிமிர்த்தாமல்: "முடியேல்லை. நிப்பாட்டி வைச்சிருக்கு."

அந்த ஒரு வசனத்தை இன்று எத்தனை தரம் யோசித்தேன்.

டிசம்பர் 18, வியாழன்

சங்கத்திலிருந்து தொலைபேசி. இலக்கத்தைப் பார்த்ததும் அம்மா வழக்கம்போல என்னிடம் நீட்டினார். பாதிவழியில் கையைத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

"அலோ. வுய். வுய், ஸே முவா." "ஓம், நான்தான்" என்று தானே பிரெஞ்சில் சொன்னார்.

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஒரு சொல்லை அவர் தேடினார். எனக்கு அது நாக்கில் நின்றது. சொல்லவில்லை. லூடோவிக் என் தந்திகளில் வைத்த உள்ளங்கை ஞாபகம் வந்தது. அம்மா தானே வேறொரு சொல் கண்டுபிடித்தார்.

வைத்துவிட்டுச் சொன்னார்: "ஜனவரி ஏழு. புதன்கிழமை. பலபேர் பேர் குடுத்திட்டு வரேல்லையாம்." என் முகத்தைப் பார்த்தார். "நான் சரியாத்தான் விளங்கினனான். நீ திருப்பி எடுத்துக் கேக்கத் தேவையில்லை."

2026 ஜனவரி 6, செவ்வாய்

நாளைக்கு வகுப்பு. அம்மா இன்று சொன்னார், "பழைய கொப்பி எங்கையோ போட்டுது. புதுசு ஒண்டு வாங்கோணும்." நான் தாறன் என்றேன்.

நடுவில் நாற்பத்தொரு வெற்றுப் பக்கங்கள். எண்ணிப் பார்த்தேன். ஜூன் வரைக்கும் போதும்.

அம்மா, இது உங்கடை கொப்பி. காணேல்லை எண்டு சொன்னதும் பொய். என்னட்டைத்தான் இருந்தது. முன்பக்கம் உங்கடை, நான் தொடேல்லை. பின்பக்கத்தைக் கிழிச்சுப்போட்டுத் தரலாம் எண்டு யோசிச்சனான். கிழிக்கேல்லை. இனி உங்களிட்டை மறைச்சு ஒரு தாளும் இருக்கக்கூடாது. தமிழிலைதான் எழுதியிருக்கிறன், பென்சில் தேவையில்லை. எல்லாத்தையும் வாசியுங்கோ. கோவம் வந்தால் கோவியுங்கோ.

நாளைக்கும் எல்லாப் புதன்கிழமையும் கடையிலை நான் நிக்கிறன். நீங்கள் ஒரு வகுப்பும் விடக்கூடாது. டொக்டரிட்டைத் தனியப் போற அண்டைக்கு நான் வாசலிலை நிப்பன். கூப்பிட்டால் மட்டும் வாறன்.

ஒண்டு கேக்கோணும். இவ்வளவும் செய்துபோட்டுக் கேக்க வெக்கமாய்க் கிடக்கு. அதாலைதான் கடைசி வரைக்கும் வைச்சிருந்தனான்.

கிற்றார் இன்னும் அலுவலக அலுமாரிக்குள்ளைதான் நிக்குது. அதை வீட்டை கொண்டு வரட்டோ, அம்மா?